குடும்பப் பெயரும் முதலெழுத்தும்

பெயரின் ஒலியைக் கொண்டு ஒருவரது பூர்வீகத்தைத் துணிவது நம்மிடையே வழக்கம். அத்துணிபு எவ்வளவு பிழையானது என்பதற்குப் 'பெர்னாண்டோ' என்னும் பெயர் தக்க சான்றாகும். ஜெர்மானிய மூலத்தினின்று ஐபீரியத் தீபகற்பத்தில் வழங்கிய ஆட்பெயர் இது. கற்றலோனிய மொழியில் 'பெர்ரான்' எனவும், வலென்சியாவிலும் இத்தாலியின் லிகூரியாவிலும் 'பெர்ராண்டோ' என்னும் குடும்பப் பெயராகவும் வழங்குகின்றது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துக்கேயப் பெயர்களையும் ஏற்றனர். இலங்கைக் கரையோரத்திலும் மதமாற்றத்தோடு இத்தகைய பெயர்கள் வேரூன்றின. இன்று தூத்துக்குடியிலும் மன்னாரிலும் நீர்கொழும்பிலும் மொறட்டுவையிலும் பெர்னாண்டோக்களைக் காண்கிறோம். அவர்களுள் தமிழரும் உளர், சிங்களவரும் உளர். எனவே இப்பெயர் காட்டுவது குருதியுறவையன்று. ஒரு வரலாற்றுத் தொடர்பையே எனலாம்.

வெலிமடைத் தோட்டங்களை நோக்குவோமாயின் நிலைமை வேறு. அங்கு பெரும்பாலாருக்குக் குடும்பப் பெயரில்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னிற்கும். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். ஐரோப்பாவில் தந்தை பெயர் பலவிடத்தும் குடும்பப் பெயராக உறைந்தது; இங்கு உறையவில்லை. இதனைக் குறையெனக் கொள்ளல் தவறு.

ஆயின் 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் தொடர்ச்சியான வதிவுக்குச் சான்று கோரியது. செக்றோலில் ஒருவாறும் பிறப்புப் பதிவில் வேறொருவாறும் பெயர் எழுதப்பட்டிருந்தால், இரண்டும் ஒருவரையே குறிப்பன என நிறுவும் சுமை தொழிலாளியின் தலையில் விழுந்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. பெயராய்வு சொல்லாய்வாக மட்டும் அமைதல் போதாது. பெயரை எழுதியவர் எவர், அதனால் இழந்தவர் எவர் என்பதையும் அது வினவுதல் வேண்டும்.