உடம்பு நன்றாக இருக்கும்போதே தேட வேண்டிய டாக்டர்

நார்வேயில் 2001ஆம் ஆண்டு முதல் ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு பொது மருத்துவரைப் பதிவு செய்துகொள்ளும் உரிமை இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பதிவேட்டை வைத்து 45 லட்சம் பேரின் விவரங்களை அலசிய ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. ஒரே டாக்டரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் போய்வந்தவர்களை, ஓராண்டு மட்டுமே போனவர்களோடு ஒப்பிட்டார்கள். நீண்ட காலம் ஒருவரிடமே இருந்தவர்கள் அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்ததும் குறைவு, இறந்ததும் குறைவு. இரண்டிலும் குறைவு ஏறக்குறைய கால் பங்கு. திடகாத்திரமானவர்கள்தான் டாக்டரை மாற்றாமல் இருந்திருப்பார்களோ என்ற சந்தேகம் எழலாம். வயது, படிப்பு, ஏற்கெனவே இருந்த நோய்கள் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்துக் கணக்கிட்ட பிறகு வந்த எண்கள் இவை. 2018இல் ஒன்பது நாடுகளின் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் 18 ஆய்வுகள் இறப்பு குறைவதையே காட்டின. இப்படிப்பட்ட ஆய்வுகள் காரணத்தை முழுமையாக நிரூபித்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்தால், முடிவு வியப்பாகத் தோன்றுவதில்லை.

ஒரு ஆணுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு 1.2 என்று வருகிறது. லேப் ரிப்போர்ட்டில் அது இயல்பான அளவுக்குள்தான் இருக்கும், தடித்த எழுத்தில் அச்சாகாது. புதிதாகப் பார்க்கும் டாக்டர் அதைக் கடந்து போய்விடுவார். போன வருடம் அது 0.8 என்று அறிந்தவர்தான் சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைப்படுவார். மருந்துகளிலும் இதே கதைதான். பி.பி.க்குக் கொடுக்கும் அம்லோடிபின் சிலருக்குக் காலில் வீக்கத்தை உண்டாக்கும். வீக்கத்துக்கு என்று வேறொரு டாக்டரிடம் போனால் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை சேரும். முட்டிவலிக்கு இன்னொருவர் கொடுக்கும் வலி மாத்திரையோ பி.பி.யை ஏற்றிவிடும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். மூன்று டாக்டர்களும் அவரவர் துறையில் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். மூன்று சீட்டுகளையும் ஒன்றாகப் பார்த்து, இதை நிறுத்து என்று சொல்லும் ஆள்தான் அங்கே இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொள்கிறோமே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். நோயின் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு மொத்தமாகச் செய்யும் இத்தகைய பரிசோதனைகளைப் பற்றி, இரண்டரை லட்சம் பேர் பங்கேற்ற 15 சோதனை ஆய்வுகளைக் கொண்ட காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பு 2019இல் வந்தது. உயிரிழப்பை அவை குறைத்ததாகத் தெரியவில்லை. இதனால் பரிசோதனையே வீண் என்று ஆகாது. பி.பி., சுகர், கருப்பை வாய்ப் புற்று போன்றவற்றுக்கு உரிய வயதில், உரிய இடைவெளியில் சோதிப்பது அவசியம். எது யாருக்கு வேண்டும் என்பதை அப்பா எந்த வயதில் மாரடைப்பில் போனார், அம்மாவுக்குச் சுகர் உண்டா என்று அறிந்தவர் தீர்மானிக்க வேண்டும். விலைப்பட்டியலில் உள்ள பேக்கேஜ் தீர்மானிக்கக் கூடாது. வந்த முடிவை வைத்து அடுத்த ஆறு மாதம் நம்மை விடாமல் கவனிக்கவும் ஒருவர் வேண்டும்.

நேரே ஸ்பெஷலிஸ்டிடம் போவதுதான் பாதுகாப்பு என்ற எண்ணமும் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. நெஞ்சு எரிந்தால் அது இதயமா, வயிறா, தசையா, மனக்கவலையா என்பது தெரியாமலேயே எந்த ஸ்பெஷலிஸ்ட் என்று நாமே முடிவு செய்கிறோம். அந்த முதல் முடிவுதான் மருத்துவத்தில் மிகக் கடினமானது. நல்ல குடும்ப டாக்டர் ஸ்பெஷலிஸ்டைத் தடுப்பவர் அல்லர். யாரிடம், எப்போது, என்ன கேள்வியோடு போக வேண்டும் என்று கடிதம் கொடுத்து அனுப்புபவர் அவர். (நெஞ்சை அழுத்தும் வலி, வாய் கோணல், திடீரென்று கை கால் செயலிழப்பது என்றால் எந்த டாக்டருக்கும் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.) பழகிய டாக்டர் பழக்கத்தினாலேயே ஒன்றைக் கவனிக்காமல் விடக்கூடும் என்பதும் உண்மை. ஒரே தொந்தரவுக்கு மூன்றாவது முறை போயும் தீரவில்லை என்றால், வேறொருவரிடமும் காட்டலாமா என்று தயங்காமல் கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கோபப்படுபவர் உங்களுக்கு ஏற்ற டாக்டர் அல்லர்.

கைராசி என்று ஊரார் சொல்வதை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டாம். சளி, காய்ச்சல் பெரும்பாலும் தானாகவே தீரும் என்பதால், ஒரு ஊசியில் சரியாயிற்று என்ற பெயர் யாருக்கும் கிடைத்துவிடும். முறையாக எம்.பி.பி.எஸ். படித்தவரா, மருத்துவக் கவுன்சிலில் பதிவு உண்டா என்பது முதல் விஷயம். பதிவு எண் மருந்துச் சீட்டிலேயே இருக்க வேண்டும். குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகு அவர் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். நீங்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறாரா? சளிக்குப் போனாலும் பி.பி. பார்க்கிறாரா? புகை பிடிப்பதைப் பற்றி விசாரிக்கிறாரா? மருந்து தேவையில்லை என்று சொல்லி அனுப்பும் துணிவு இருக்கிறதா? வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுதாமல் இருக்கிறாரா? கிளினிக் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது பெயரையும் புகழையும்விட முக்கியம், ஏனென்றால் தூரமாக இருந்தால் நோய் முற்றிய பிறகுதான் போவோம். நாற்பது வயதுக்காரர், முடிந்தால் தன்னைவிட இளைய டாக்டராகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. இருபது வருட உறவு அது.

அப்படிப்பட்ட டாக்டர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்ற ஆதங்கத்தில் நியாயம் உண்டு. படித்து வருபவர்களில் பலர் ஸ்பெஷலிஸ்ட் ஆகவே விரும்புகிறார்கள், நாமும் அவர்களைத்தான் மதிக்கிறோம். தனியார் கிளினிக்குக்கு வசதி இல்லாதவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர்கள் மாறுதலாகிப் போவார்கள் என்பது குறைதான். அதனால் மருந்துச் சீட்டு, ரிப்போர்ட், ஒவ்வாத மருந்துகளின் பெயர் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போட்டு உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத ஒரு நாளில் அந்த ஃபைலோடு பக்கத்துக் கிளினிக்குக்குப் போய், பி.பி. பார்த்துக்கொண்டு, இனி உங்களிடமே வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.