ஆரணியில் வீடு வாங்கலாம், வயல் வாங்க முடியாது

ஆரணியில் பட்டுத்தறியும் நெல்வயலும் அக்கம்பக்கம். இந்த ஊரில் பிறந்து, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று, ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் இங்கே தறிவீட்டையோ கடையையோ தாராளமாக வாங்கலாம். பின்னாலிருக்கும் நஞ்சையில் ஒரு சென்ட்கூட வாங்க முடியாது.

1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும் அதன்கீழ் 2019-இல் வந்த விதிகளும் சொல்வது இதுதான்: விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்ட நிலம் மூன்றும் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வளைகுடாவில் வேலை பார்க்கும் என்ஆர்ஐ-க்கும் இதே தடை. பலருக்கு இது தெரிவதில்லை. அப்பா விட்டுச்சென்ற வயல் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும்.

உறவுக்காரர் பெயரில் வாங்கிப் போடும் குறுக்குவழி ஆபத்தானது. 2016-இல் திருத்தப்பட்ட பினாமி சட்டப்படி ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல், சொத்தும் பறிபோகும்.

இந்திய வம்சாவளியல்லாத வெளிநாட்டவர் நிலை வேறு. திருவண்ணாமலைக்குச் சுற்றுலா விசாவில் வருபவர் வீடு வாங்க முடியாது. ஐந்தாண்டுக்கு மிகாமல் குத்தகைக்கு எடுக்கலாம். முந்தைய நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்து, வேலை, தொழில் போன்ற காரணத்தால் இங்கேயே வசிப்பவர் வாங்கலாம். ஆனால் இலங்கை, பாகிஸ்தான், சீனா உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்களுக்கு ரிசர்வ் வங்கியின் முன்அனுமதி தேவை. தமிழரே ஆனாலும் இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் இதே கதி. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மற்ற நாடுகளும் கதவைத் திறந்து வைக்கவில்லை. இலங்கை 2014-இல் வெளிநாட்டவருக்கு நிலம் விற்பதையே சட்டம் போட்டுத் தடுத்தது; 99 ஆண்டு வரை குத்தகை உண்டு. சிங்கப்பூரில் 2023 ஏப்ரல் முதல் வீடு வாங்கும் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரைத் தீர்வை 60 சதவீதம்.

இந்தியாவில் விதியை மீறினால் என்ன ஆகும்? பெங்களூரில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி 1977-இல் ரிசர்வ் வங்கி அனுமதியின்றித் தானமாகக் கொடுத்த சொத்து குறித்த வழக்கில், அன்றைய சட்டப்படி அந்தத் தானம் செல்லாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 44 ஆண்டு கழித்து!

ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் நில வகையைக் காட்டும் சிட்டாவைப் பாருங்கள். தரகர் ‘மனை’ என்று சொன்னாலும் சிட்டாவில் நஞ்சை, புன்செய் என்றிருந்தால், மனைப்பிரிவு அங்கீகார ஆணையைக் கேளுங்கள். பணத்தை வெளிநாட்டில் வசிப்போருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வழியாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ மட்டும் கொடுங்கள். டாலர் நோட்டாகக் கொடுப்பதைச் சட்டம் ஏற்காது.