உத்தரவைத் திருத்தி எழுதும் பால்வாடி டீச்சர்கள்

ரயில்வே கேட்டில் காத்து நின்று பழகிய ஊர் வடசென்னையின் கொருக்குப்பேட்டை. சரக்கு ரயிலும் மின்சார ரயிலும் போன பிறகுதான் மற்றவர்கள் நகர முடியும். இங்கே வேலை பார்க்கும் பால்வாடி டீச்சருக்கு ஒரு மனக்கணக்கு உண்டு. எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் லாரி வரும், எந்த வீட்டுப் பெண் வீட்டுவேலைக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புவாள், எந்தக் குழந்தை பாட்டியிடம் வளர்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கு எந்த அரசாணையிலும் இல்லை. ஆனால் குழந்தை வளர்ச்சித் திட்டம் ஓடுவதே அதை நம்பித்தான்.

தமிழ்நாட்டில் 54,439 குழந்தைகள் மையங்கள் இருக்கின்றன. அங்கன்வாடி என்று அரசு சொன்னாலும் வடசென்னையில் அது இன்னும் பால்வாடிதான். டீச்சர், ஆயா என்ற இருவர்தான் அந்த நிர்வாகத்தின் கடைசிப் படி. டெல்லியில் எடுக்கும் முடிவு தரமணியில் உள்ள குழந்தை வளர்ச்சித் திட்ட இயக்குநரகத்துக்கு வந்து, மாவட்ட அலுவலர், திட்ட அலுவலர், சூப்பர்வைசர் என இறங்கி இவர்களிடம் சேர்கிறது. இறங்கி வருவதற்கு இத்தனை படிகள் இருந்தும், இவர்கள் சொல்வது மேலே ஏறுவதற்கு ஒரு படிகூட ஒழுங்காக இல்லை.

நோட்டிலிருந்து போனுக்கு

1975 அக்டோபர் 2-ஆம் தேதி, நாடு முழுவதும் 33 இடங்களில் தொடங்கியது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். பல பத்தாண்டுகளாக அதன் கணக்கெல்லாம் பதிவேடுகளில்தான் இருந்தது. 2021 மார்ச்சில் மத்திய அரசு ‘போஷன் டிராக்கர்’ செயலியைக் கொண்டுவந்தது. வருகை, எடை, உயரம், உணவு எல்லாம் போனுக்குப் போயின. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள் அரசு கொடுத்த போன்களை அரசிடமே திருப்பிக் கொடுத்தார்கள். செயலி மராத்தியில் இல்லை, போன் திணறுகிறது என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். பயன்படுத்தப் போகிறவர்களிடம் முன்கூட்டியே காட்டியிருந்தால் ஒரே வாரத்தில் தெரிந்திருக்கும் குறைகள் இவை. செயலி பல மொழிகளில் வந்தது அதற்குப் பிறகுதான்.

2025 ஜூலை முதல், வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுக்கு முக அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமானது. போலிப் பெயர்களில் உணவு போகக் கூடாது என்ற நோக்கத்தில் தவறில்லை. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். சிக்கல் வாசற்படியில் தொடங்குகிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணுக்குரிய சத்துமாவை மாமியார் வந்து கேட்டால், முன்பு டீச்சர் ஆளைத் தெரிந்து கொடுத்துவிடுவார். இப்போது முகம் பொருந்த வேண்டும். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் கணவருடையதாக இருந்தால், சரிபார்ப்புக்கான ஓ.டி.பி. அவர் வேலைக்குப் போன இடத்துக்குப் போய்விடும். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பத்தின் ஆதாரில் பழைய முகவரியே இருக்கும். சத்துமாவு கிடைக்காமல் போனால் தாய்மார்கள் கோபப்படுவது செயலியிடம் அல்ல, டீச்சரிடம்.

லிப்ஸ்கி கண்டது

அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980-இல் ‘ஸ்ட்ரீட் லெவல் பியூராக்ரசி’ என்ற நூலை எழுதினார். ஆசிரியர், போலீஸ்காரர், நலப்பணியாளர் என மக்களை நேரில் சந்திக்கும் ஊழியர்கள் அன்றாடம் எடுக்கும் முடிவுகளே நடைமுறையில் அரசின் கொள்கை ஆகிவிடுகின்றன என்பது அவர் வாதம். நேரமும் வசதியும் எப்போதும் போதாது என்பதால், யாரை முதலில் பார்ப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று அவர்கள் தீர்மானித்தே ஆகவேண்டும். அப்படியென்றால் கீழே இருப்பவர் ஒவ்வொரு உத்தரவையும் ஏற்கெனவே திருத்தி எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். அந்தத் திருத்தத்தை அலுவலகம் கேட்டு வாங்கிக்கொள்கிறதா, கண்டும் காணாமல் விடுகிறதா, குற்றமென்று மெமோ கொடுக்கிறதா என்பதில்தான் ஒரு சீர்திருத்தத்தின் தலையெழுத்து இருக்கிறது.

கொட்டாம்பட்டியில் தொடங்கியது

அதே 1980-இல், உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதலில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் செய்து பார்த்து, பிறகுதான் விரித்தார்கள். ஊட்டச்சத்துப் பணியாளராக அந்தந்த ஊர்ப் பெண்ணையே எடுத்தார்கள். ஏழையாக இருந்தும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கும் தாய் என்றால் முன்னுரிமை. அவரிடம் கொடுத்த வேலையும் தெளிவானது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடைபோட வேண்டும். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சில மாதங்கள் கூடுதல் உணவு தர வேண்டும். சுமார் பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். ஊர்ப் பெண்கள் குழுக்களும் துணை நின்றன. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு கணிசமாகக் குறைந்து, உலக அளவில் பேசப்பட்ட திட்டமானது.

1990-இல் வந்த இரண்டாம் கட்டத்தில் மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சமைத்த உணவும் முன்பருவக் கல்வியும் அதே பணியாளரிடம் சேர்ந்தன. இரண்டும் நல்ல காரியங்கள்தான். ஆனால் மையத்தை விட்டு அவரால் கிளம்ப முடியாமல் போனது. கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்குப் போகும் நேரம் சுருங்கியது. ஒன்றைச் சேர்த்தால் எதை எடுப்பது என்ற கேள்விக்குச் சரியான பதில் சொல்லக்கூடியவர் அவர்தான்.

உள்ளூர்ப் பெண்களை நம்பியது தமிழ்நாடு மட்டுமல்ல. பிரேசிலின் சியாரா மாநிலத்தில் 1980-களின் இறுதியில் அவர்களைச் சுகாதாரப் பணியாளராக்கிய திட்டத்தை ஆய்வாளர் ஜூடித் டெண்ட்லர் ஆராய்ந்து, 1997-இல் நூலாக எழுதினார். சில ஆண்டுகளில் அங்கே குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 102-இலிருந்து 65 ஆனது. ஊழியர்கள் விதித்ததைத் தாண்டி வேலை செய்தார்கள், அரசும் அவர்களை ஊரறியப் பாராட்டியது என்று அவர் எழுதுகிறார். மேலும் மேலும் கண்காணித்தால்தான் கீழே வேலை நடக்கும் என்ற எண்ணத்துக்கு அது நல்ல மறுப்பு.

கொரோனா காட்டிய பாடம்

ஊரறிந்தவர்களை நம்பி வேலை செய்வதில் வடசென்னைக்கே சொந்த அனுபவம் உண்டு. 2020 கோடையில் ராயபுரமும் தண்டையார்பேட்டையும் தொற்றின் மையங்களாக இருந்தபோது, மாநகராட்சி வீடுவீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க ஆயிரக்கணக்கானோரை இறக்கியது. குடிசைப் பகுதிகளில் தொண்டு நிறுவனங்களின் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். தொற்று என்று தெரிந்தால் வாசலில் தகரம் அடித்து அடைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் காய்ச்சலை மறைத்த வீடுகள் இருந்தன. அங்கே வெப்பமானி உதவாது, “என்னக்கா, ஜுரமா?” என்று கேட்டால் கதவைத் திறக்கவைக்கும் பழக்கம்தான் உதவும்.

தொண்டரா, ஊழியரா?

மத்திய அரசு 2018-இல் உயர்த்திய அங்கன்வாடி மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். தமிழ்நாடு தன் பங்காகக் காலமுறை ஊதியம் தருகிறது. பல மாநிலங்களில் அதுவும் இல்லை. 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் இவர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. சம்பளத்துக்கும் இந்தக் கட்டுரையின் பொருளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தொண்டர் என்று பெயர் வைத்தவரிடம் யாரும் ஆலோசனை கேட்பதில்லை. பயிற்சி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. புதிய முறை எதுவானாலும், கொட்டாம்பட்டியில் செய்ததுபோல, ஒரு வட்டாரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு விரிக்கலாம். அந்தச் சோதனைக்கு வடசென்னை போன்ற கடினமான இடத்தைத் தேர்ந்தெடுத்தால் குறைகள் சீக்கிரம் தெரியும். டீச்சர்களும் ஆயாக்களும் உட்காரும் குழு ஒன்று தரமணியில் கூடலாம். அவர்கள் சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் தரலாம். ஒரு வேலையைக் கூட்டும் ஒவ்வொரு சுற்றறிக்கையும் எதைக் குறைக்கிறது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். முகம் பொருந்தாதபோது டீச்சர் தன் பொறுப்பில் சத்துமாவு கொடுக்கவும், காரணத்தை அங்கேயே பதிவு செய்யவும் செயலியில் ஓர் இடம் வேண்டும். மூன்று மாதம் அந்தக் காரணங்களைச் சேர்த்துப் படித்தால், அடுத்த சுற்றறிக்கையை எப்படி எழுதுவது என்பது இயக்குநரகத்துக்கே விளங்கிவிடும்.