திருவலகும் உழவாரமும்: இளைஞர் திருத்தொண்டு



திருவிழா நெருங்குங்கால் நம் திருக்கோயில்களில் மனத்துக்கு இனிய காட்சியொன்றைக் காண்கின்றோம். கொடியேற்றத்திற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர் பலர் கூடிப் பிராகாரத்துப் புல்லைச் செதுக்குகின்றனர். மடைப்பள்ளிப் பாத்திரங்களைத் துலக்குகின்றனர். விளக்குகளில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கைக் களைகின்றனர். விழா நாள்களில் அடியார்க்கு நீரும் மோரும் வழங்குகின்றனர். இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லையென்று வருந்துவோர் இதனை ஒருமுறை வந்து காணல் வேண்டும். ஆயினும், இத்தொண்டின் நிலை எத்தகையது, அதனைச் செய்வோர்க்கும் செய்விப்போர்க்கும் உரிய கடன்கள் யாவை என்பன பலருக்கும் தெளிவாக விளங்கவில்லை. அவற்றை விளக்குதலே ஈண்டு நம் கருத்து.

சைவ சித்தாந்தம் இறைவனை அடைதற்குச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நால்வகை நெறிகளைக் கூறும். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் இவற்றை முறையே தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக மார்க்கம், சன்மார்க்கம் என வகுத்துரைத்தார். திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மலர் கொய்து மாலை தொடுத்தல், விளக்கிடுதல், அடியார்க்கு ஏவல் செய்தல் ஆகியன சரியையாம். இதன் பயன் சாலோகம். கையால் செய்யும் பணியாயிற்றே என்று இதனை எளிதாக எண்ணலாகாது. முதற்படி என்பது தாழ்ந்த படி என்று பொருள்படாது. அதனை மிதியாமல் மேற்படி ஏறினார் ஒருவரும் இலர்.

திருத்தொண்டு என்றவுடன் உழவாரப்படை ஏந்திய திருநாவுக்கரசு நாயனாரின் திருவுருவம் நம் கண்முன் தோன்றும். ஆனால் அவருடைய உழவாரத்திற்கு முன்பே ஒரு திருவலகு இருந்தது. அது தமக்கையார் திலகவதியாரின் கையில் இருந்தது. பன்னிரண்டு வயதில் மணம் பேசப்பெற்று, அவ்வயதளவிலேயே பெற்றோரையும், மணவாளராகக் குறிக்கப்பெற்ற கலிப்பகையாரையும் இழந்தவர் அவ்வம்மையார். தம்பியின் பொருட்டே உயிர் தாங்கினார். அத்தம்பியும் புறச்சமயம் புகுந்தபின், திருவதிகை சென்று வீரட்டானத்துப் பெருமான் திருமுன்றிலை வைகறையில் அலகிட்டும், சாணத்தால் மெழுகியும், மலர் கொய்து மாலை தொடுத்தும் தொண்டு புரிந்தார். பின்னர்ச் சூலைநோயால் வருந்தி வந்து வீழ்ந்த தம்பிக்குத் திருநீறு அளித்து, தாம் நாள்தோறும் அலகிடச் செல்லும் அப்புலரிப் பொழுதிலேயே உடனழைத்துச் சென்றார். தமிழுலகம் நாவுக்கரசரைப் பெற்றது அவ்வேளையிலேயாம். துயருற்ற இளம்பெண் ஒருத்தியின் துடைப்பம் செய்த பணியை அளந்து கூற யாரால் இயலும்? ஆதலின், தங்கள் பணி சிறிதென்று நம் பிள்ளைகள் ஒருபொழுதும் எண்ண வேண்டா.

அன்பு மட்டும் போதுமோ என்னும் வினா இங்கே எழும். தண்டியடிகள் வரலாறு இதற்கு விடை கூறும். பிறவியிலேயே கண்ணொளி இல்லாத அவ்வடிகள் திருவாரூர்த் திருக்குளத்தைத் தோண்டத் துணிந்தார். அன்பின் வேகத்தால் கண்டவிடமெல்லாம் மண்வெட்டியை ஓச்சினாரோ எனின், இல்லை. குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிக்கொண்டு மண்ணைச் சுமந்து சென்று கொட்டினார். ஆர்வத்திற்கு வழிகாட்ட முறை வேண்டும் என்பதே அக்கயிறு நமக்குப் புகட்டும் பாடமாம்.

சில ஆண்டுகட்கு முன் சிற்றூர்க் கோயில் ஒன்றில் சொற்பொழிவுக்காகச் சென்றிருந்தோம். கருவறையைச் சூழ்ந்த அதிட்டானத்தில் இளைஞர் சிலர் கம்பித் தூரிகையால் குமுதப் படையை வியர்வை சிந்தத் தேய்த்துக் கொண்டிருந்தனர். அருகில் சென்று பார்த்தபொழுது, தேய்ந்த இடத்தில் பழைய எழுத்துகள் பாதி மறைந்திருந்தன. “தம்பி, இது கல்வெட்டல்லவா?” என்று கேட்டோம். அப்பிள்ளை திகைத்து எழுந்து, “ஐயா, பாசி என்று எண்ணிவிட்டோம், எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே” என்றான். அவன் கண்கள் கலங்கின. ஊர்ப் பெரியோர் சிலரோடு நாம் அதுகாறும் மண்டபத்தில் அமர்ந்து உரையாடிக் கொண்டிருந்தோம். நாணம் அவனுக்கு உரியதன்று, நமக்கே உரியதாயிற்று.

கல்லில் உள்ள எழுத்தின் அருமையை ஒரு செய்தியால் உணரலாம். திருஞானசம்பந்தப் பெருமான் திருவிடைவாய்த் தலத்தில் அருளிய பதிகம் ஏடுகளில் கிடைக்கவில்லை. 1917ஆம் ஆண்டளவில் அத்தலத்துக் கல்வெட்டிலிருந்தே அது கண்டெடுக்கப்பட்டது. அக்கல்லை யாரேனும் அன்போடு தேய்த்துத் தூய்மை செய்திருப்பின், அத்திருப்பதிகம் இன்று நமக்கு இல்லை.

ஆதலின் திருப்பணி செய்வார் சிலவற்றை உறுதியாகக் கொள்ள வேண்டும். எழுத்துள்ள கல்லிலும் ஓவியமுள்ள சுவரிலும் கம்பித் தூரிகை, அமிலம், மணல் வீச்சு ஆகியன படலாகாது. சுண்ணாம்புக் காரையால் ஆகிய பழங்கட்டடத்தில் சிமெண்டைப் பூசலாகாது. அஃது ஈரத்தை உள்ளே தேக்கிப் பழங்காரையைச் சிதைக்கும். கோபுரத்தில் முளைத்த அரசையும் ஆலையும் இழுத்துப் பிடுங்கின் வேரோடு செங்கல்லும் பெயரும். மேலே வெட்டிவிட்டால் மீண்டும் தழைக்கும். பழுதறிந்த ஸ்தபதியார் உடனிருந்து காட்டும் முறைப்படி வேரை அழித்துப் பிளவைக் காரையால் அடைத்தலே தக்கது. புல் செதுக்குதல், குப்பை அகற்றுதல், நந்தவனம் பேணுதல், பாத்திரம் துலக்குதல் என எவரும் அஞ்சாது செய்யத்தக்க பணிகளுக்கோ குறைவில்லை.

கல்லுக்கு இத்துணைக் கருத்துச் செலுத்த வேண்டுமெனின், உயிருக்கு எத்துணைச் செலுத்தல் வேண்டும்! 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் விடியுமுன், தஞ்சையை அடுத்த களிமேட்டில், அப்பர் பெருமானின் சதய விழாவில் உலா வந்த தேர் உயரழுத்த மின்கம்பியில் தொட்டதனால் 11 பேர் உயிர் நீத்தனர். அவருள் சிறுவர்களும் இருந்தனர். தொண்டின் தலைவராகிய நாவுக்கரசர் திருவிழாவிலேயே இது நிகழ்ந்ததை நினைக்குந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது. வீதியுலாவிற்கு முன்னரே வழி முழுவதையும் நடந்து பார்த்துத் தேரின் உயரத்தையும் கம்பியின் உயரத்தையும் அளத்தல், மின்வாரியத்திற்கு அறிவித்து மின்னோட்டத்தை நிறுத்துதல், சக்கரத்திற்கு முட்டுக்கட்டை இடுதலைப் பழகியவர் கையிலன்றிக் கொடாமை, சிறுவர்களைத் தேர்க்காலின் அருகே விடாமை ஆகியன பெரியோர் தாமே முன்னின்று செய்ய வேண்டியவை. இவற்றை வெறும் உலகியல் ஏற்பாடென்று எண்ணற்க. அடியார் உயிரைக் காத்தலும் சிவத்தொண்டேயாம்.

தொண்டு செய்யும் இளைஞர்க்கு நாம் கூற விரும்புவதும் ஒன்றுண்டு. திருப்புகலூரில் நாவுக்கரசர் உழவாரம் செலுத்திய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் கிடக்குமாறு இறைவன் செய்தான். அவரோ அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்ப வாரிக் குளத்தில் எறிந்தார். இன்று நம் முன் கிடக்கும் பொன் புகழ்ச்சியே. துடைப்பத்தைக் கையில் எடுக்குமுன் கைப்பேசியில் படம் எடுத்தலும், இன்ன குழுவினர் செய்தனர் எனச் சுவரில் எழுதுதலும் அப்பொன்னைப் பொறுக்குதலேயாம். மேலும், கல்வியையும் பெற்றோரையும் கைவிட்டு வருதல் தொண்டாகாது. கிழமையில் ஒரு வேளை வந்தாலும் தவறாது வருதலே சிறப்பு.

இனிப் பெரியோர் கடன். கூலியில்லா ஆள்கள் கிடைத்தனர் என்று இப்பிள்ளைகளைக் கருதுதல் பெரும்பிழை. பணி தொடங்குமுன் அத்தலத்தின் வரலாற்றைச் சொல்லுங்கள். எதனைத் தொடலாம், எதனைத் தொடலாகாது என்று உடன் நின்று காட்டுங்கள். பணி முடிந்தபின் உடன் அமர்ந்து உணவருந்தி, அத்தலத்துத் தேவாரப் பதிகம் ஒன்றைப் பண்ணோடு பயிற்றுங்கள். பெண்மக்கள் அச்சமின்றி வந்து பணி செய்து பொழுதோடு வீடு திரும்ப ஆவன செய்யுங்கள். உடையையும் முடியையும் குறை கூறி ஒருவனைத் திருப்பி அனுப்புவோமாயின், அவன் மீண்டும் வாயிலை மிதியான்.

முன்னர்க் கூறிய அவ்வூரில் அன்று மாலையே அவ்விளைஞர்களை அழைத்து, எஞ்சிய எழுத்துகளைத் தூய நீரால் நனைத்து மெல்லிய துணியால் ஒற்றி, நமக்குத் தெரிந்த அளவில் படித்துக் காட்டினோம். நந்தாவிளக்கு ஒன்றுக்கு ஆடுகள் விட்ட செய்தி அதில் இருந்தது. தேய்த்த அப்பிள்ளையே ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தான். அடுத்த ஆண்டு நாம் சென்றபொழுது, புதிதாக வந்த சிறுவர்களுக்கு அக்கல்லைக் காட்டி, “இதைத் தொடாதே, இது விளக்குக்குக் கொடுத்த கல்” என்று அவனே சொல்லிக் கொண்டிருந்தான்.

தொண்டு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இவ்வாறே கைமாறி வந்தது. இனியும் இவ்வாறே செல்லும். நம் கையில் உள்ள திருவலகை இளையோரிடம் கொடுக்குங்கால், அதனோடு அறிவையும் அன்பையும் சேர்த்துக் கொடுப்போமாக.

திருச்சிற்றம்பலம்.