வாழைப்பழத்தில் டி.என்.ஏ.: வகுப்பறையில் ஒரு சோதனை

பெங்களூரில் லிங்கராஜபுரம் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் ஏலக்கி வாழைப்பழம் எளிதில் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் இதனை நெய்ப்பூவன் என்பர். சோதனைக்கூட வசதி குறைந்த பள்ளியிலும் இப்பழத்தைக் கொண்டு, மரபுப் பண்புகளைத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ. என்னும் பொருளை மாணவர்களுக்குக் காட்டலாம். ஆயினும், குழாயில் திரளும் வெண்பொருள் முழுவதும் டி.என்.ஏ. தானா என்று வினவாவிடில், இச்சோதனை வெறும் வேடிக்கையாக முடிந்துவிடும்.

செய்முறை

நன்கு பழுத்த இரண்டு ஏலக்கிப் பழங்களைத் தோலுரித்து, சிறிது தண்ணீர் விட்டுக் கூழாகப் பிசைய வேண்டும். 100 மில்லி லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பும், பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு இரண்டு தேக்கரண்டியும் நுரை எழாமல் கலந்து, கூழுடன் சேர்க்க வேண்டும். பத்து நிமிடங்களுக்குப் பின் மெல்லிய துணியில் வடிகட்டி, அக்கரைசலைச் சோதனைக் குழாயில் கால் பங்கு நிரப்ப வேண்டும். உறைபனிப் பெட்டியில் முன்னரே குளிரவைத்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு எடுத்து, குழாயைச் சாய்த்துப் பிடித்து, சுவரோரமாக மெதுவாக ஊற்ற வேண்டும். இரு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் சில நிமிடங்களில் வெண்ணிற இழைகள் தோன்றி மேலெழும்.

ஆல்கஹால் எளிதில் தீப்பற்றுவது. அருகில் சுடர் இருத்தல் கூடாது. அதனை ஆசிரியரே ஊற்றுதல் நலம். பழக்கூழை எவரும் உண்ணலாகாது.

நிகழ்வது யாது?

பிசைவதால் உயிரணுக்களின் சுவர்கள் உடைகின்றன. உயிரணுவையும் அதன் உட்கருவையும் மூடியுள்ள சவ்வுகளில் கொழுப்புப் பொருள் உண்டு. அதைச் சோப்பு கரைக்கிறது. டி.என்.ஏ. இழைகள் எதிர் மின்னூட்டம் உடையவையாதலால் ஒன்றையொன்று விலக்கும். உப்பிலுள்ள சோடியம் அயனிகள் அவ்விலக்கத்தைத் தணிக்கின்றன. ஆல்கஹாலில் டி.என்.ஏ. கரையாது, ஆகவே திரண்டு வெளிப்படுகிறது.

காண்பதும் காணாததும்

டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் ஒன்றின் அகலம் சுமார் 2 நானோமீட்டர் மட்டுமே. ஒரு தனி இழையைக் கண்ணால் காண இயலாது. எண்ணற்ற இழைகளின் திரளே கண்ணுக்குத் தென்படுகிறது. அதன் நுண்ணமைப்பை அறிய எக்ஸ்-கதிர்கள் தேவை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் எம். ஏ. விசுவமித்ரா, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஓல்கா கென்னார்ட் முதலியோருடன் இணைந்து, டி.என்.ஏ.யின் சிறு துண்டு ஒன்றின் அமைப்பை அணு அளவில் ஆராய்ந்து 1978-இல் வெளியிட்டார்.

மேலும், பழத்திலுள்ள பெக்டின் என்னும் கூழ்ப்பொருளும் ஆல்கஹாலில் திரளும் இயல்புடையது. புரதமும் ஆர்.என்.ஏ.யும் உடன் கலந்திருக்கும். எனவே இரண்டாவது குழாய் ஒன்றில், சோப்பை மட்டும் விலக்கி, ஏனைய அனைத்தையும் அவ்வாறே செய்து ஒப்பிடுதல் வேண்டும். அதிலும் வெண்பொருள் தோன்றினால், அதன் காரணத்தை மாணவர்களே ஆராயட்டும். கல்லூரிகளில் டைஃபீனைலமீன் கரைசலுடன் சூடாக்கிப் பார்ப்பர், டி.என்.ஏ. இருப்பின் நீல நிறம் தோன்றும். அக்கரைசலில் கடும் அமிலம் சேர்வதால் பள்ளி வகுப்பில் அதைச் செய்யலாகாது.

ஒரு முன்னுதாரணம்

1869-இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில், பழைய கோட்டையின் சமையலறையாக இருந்த சோதனைக்கூடத்தில், பிரடெரிக் மீஷர் என்னும் இளைஞர் மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் படிந்த சீழிலிருந்து இப்பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். கலந்திருந்த புரதத்தை நீக்கப் பன்றியின் இரைப்பையிலிருந்து எடுத்த பெப்ஸினைப் பயன்படுத்தினார். அவருடைய ஆசிரியர் ஹோப்பே-சைலர் உடனே நம்பிவிடவில்லை. சோதனைகளைத் தாமே மீண்டும் செய்து பார்த்தார். முடிவுகள் 1871-இல்தான் வெளியாயின.

ஆசிரியர்கள் வகுப்பில் பின்பற்ற வேண்டிய நெறியும் இதுவே. "டி.என்.ஏ.யைக் கண்டேன்" என்று மாணவர் எழுதுவதைவிட, "டி.என்.ஏ. அடங்கிய வெண்ணிறத் திரளைக் கண்டேன், அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கும்" என்று குறிப்பேட்டில் எழுதுவதே விஞ்ஞானப் பயிற்சியாகும்.