பழைய அபயக் குரலை எப்போது நிறுத்துவது?

சென்னை காசிமேட்டிலிருந்து பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போன விசைப்படகில் எஞ்சின் நின்றுவிட்டால், கரை மறைந்த தூரத்தில் செல்போன் உதவாது. அந்த நேரத்துக்காக இஸ்ரோ உருவாக்கிய கருவிதான் ‘டாட்’. பொத்தானை அழுத்தினால் படகின் அடையாளமும் இருப்பிடமும் செயற்கைக்கோள் வழியே பெங்களூரு மையத்தை அடையும். அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகும். அத்தகைய மையம் சென்னையிலும் உண்டு.

2010 முதல் பயன்பாட்டில் இருக்கும் இந்தச் சேவையில் ஒரு பெரிய குறை. தகவல் கரைக்குப் போகும்; கரையிலிருந்து பதில் வராது. கூப்பிட்டது கேட்டதா என்று தெரியாமலே படகில் இருப்பவர் காத்திருக்க வேண்டும். 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறை டாட் இதைச் சரிசெய்தது. ‘தகவல் கிடைத்தது’ என்ற பதில் படகுக்கே வருகிறது. கருவியைச் செல்போனோடு இணைத்தால் புயல் எச்சரிக்கையையும் தாய்மொழியில் படிக்கலாம்.

அப்படியானால் பழையதை நிறுத்திவிடலாமா? பழைய கருவிகள் 20,000க்கும் மேல் புழக்கத்துக்கு வந்தவை. கரையில் வரவேற்பை நிறுத்தினால், படகில் பொத்தான் அழுந்தும், கேட்க ஆளிருக்காது. கருவியே இல்லாததைவிட இது ஆபத்து, நம்பிக்கையோடு அழுத்துகிறார்களே!

உலக அளவில் இந்தக் கேள்வியை ஏற்கெனவே சந்தித்தது காஸ்பாஸ்-சர்சாட் என்ற செயற்கைக்கோள் மீட்புச் சேவை. அது கேட்டுவந்த 121.5 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையில் அனுப்புபவரின் அடையாளம் கிடையாது. பணம் வழங்கும் இயந்திரமும் விளையாட்டரங்க ஸ்கோர் பலகையும் கசியவிட்ட அலைகள்கூட அபயக் குரலாகப் பதிவாயின. மீட்புக் குழுக்கள் வீணாக அலைந்தன. உண்மையில் தவித்தவருக்குப் போக வேண்டிய நேரம் பறிபோனது. அடையாளம் சொல்லும் 406 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் இருந்தும், பழையதை ஒரே நாளில் மூடவில்லை. 2000ஆம் ஆண்டிலேயே தேதி குறித்து அறிவித்தார்கள். செயற்கைக்கோள் கேட்பதை நிறுத்தியது 2009 பிப்ரவரி 1 அன்று.

121.5 சமிக்ஞையின் குறை பிறரின் மீட்பையே தடுத்தது. அதனால் மூடியே ஆக வேண்டியிருந்தது. பழைய டாட்டின் குறை அத்தகையதல்ல. பதில் சொல்லாவிட்டாலும் அது உயிர் காக்கிறது. கடைசிப் படகு புதிய கருவியைப் பெறும்வரை அதன் குரலைக் கரை கேட்டாக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கிழக்குக் கடற்கரை விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான் நிற்கின்றன. கருவி மாற்றும் வேலையை மீன்வளத் துறை அந்த 61 நாட்களில் வைத்துக்கொள்ளட்டும்.