லூக்காஸ் முத்திரையைத் தேடி

யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் என்றால் ஒஸ்ரின் ஏ 40, இல்லையேல் மொறிஸ் மைனர் என்றிருந்த காலத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோலும் இல்லை, பற்றரியும் இல்லை. காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். அந்தக் கார்களின் மின் உறுப்புகள் பேர்மிங்காம் நகரத்து லூக்காஸ் கம்பனியின் தயாரிப்புகள். புதியது கிடைக்காத நாளில், பழையதைப் பிரித்துத் திருத்துவதே ஒரே வழியாயிருந்தது.

அத்தகைய பழைய மின் உறுப்புகளைத் தேடி அலைவோர் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் இன்று பலர். இவர்களுக்குத் தட்டுப்பாடு எதுவும் இல்லை. கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் அதில் எது இருந்ததோ, அதுவே வேண்டும் என்பது இவர்களது பிடிவாதம்.

இந்தப் பிடிவாதத்துக்கு முதற்காரணம் அவுஸ்திரேலியாவின் ‘மசில் கார்’ எனப்படும் பெருவலுக் கார்கள். பாதர்ஸ்ற் நெடும்பந்தயத்தில் அந்நாளில், பொதுமக்களுக்கு விற்கப்படும் கார்களே ஓட வேண்டும் என்பது விதி. ஆகவே பந்தயத்தில் வெல்ல விரும்பிய கம்பனி, பந்தயக் காரையே கடையில் விற்க வேண்டியதாயிற்று. 1967இல் போர்ட் பால்கன் ஜீ.ரி. வந்தது, 1968இல் ஹோல்டன் மொனாரோ வந்தது. 1971இல் வந்த பால்கன் ஜீ.ரி. எச்.ஓ. மூன்றாம் கட்டம் 351 கன அங்குல, அதாவது 5.8 லீற்றர் வீ8 இயந்திரம் கொண்டது. ஏறத்தாழ 300 கார்களே செய்யப்பட்டன. அவ்வாண்டு அலன் மொபற் அதிலேதான் பாதர்ஸ்ற்றை வென்றார். சாதாரண வீதியில் இவ்வளவு வேகமான கார்கள் எதற்கு என்று 1972இல் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் எழுப்பிய கூச்சலில் அந்த வரிசை நின்றுபோனது. 2018இல் அப்படியொரு கார் ஏலத்தில் பத்து லட்சம் டொலரைத் தாண்டி விலைபோனது.

நம்மவர் நிறைந்து வாழும் ஹோம்புஷில் போர்ட் தொழிற்சாலை 1994வரை இயங்கியது. டண்டினோங்கில் ஹோல்டன் 1956இல் தொழிற்சாலை திறந்தது. மொறிஸ் மைனர்களைப் பூட்டிய சிட்னி செற்லண்ட் தொழிற்சாலை 1975இல் மூடப்பட்டது. போர்ட் 2016 ஒக்ரோபரிலும் ஹோல்டன் 2017 ஒக்ரோபரிலும் இந்நாட்டில் கார் செய்வதை அடியோடு நிறுத்திவிட்டன. கார் செய்வாரே இல்லாத நாட்டில் ஐம்பது வருடத்துப் பழைய சுவிச்சை யாரிடம் கேட்பது?

எந்த உறுப்பானாலும் பொருத்திவிட்டால் ஓடாதா என்று கேட்கலாம். ஓடும். ஆனால் அக்காலத்து உறுப்புகள் பலவற்றின் உடலிலே, செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் இலக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். லூக்காஸ் இதில் மிகவும் ஒழுங்கானது. 1971 மே மாதம் பூட்டப்பட்ட காரில் 1972 நவம்பர் முத்திரையுள்ள ஒல்ரனேற்றர் இருந்தால், கண்காட்சி நடுவர் அதைக் கண்டவுடன் புள்ளியைக் குறைப்பார். வாங்க வந்தவர் விலையைக் குறைப்பார். கொயில், டிஸ்ரிபியூட்டர், ரெகுலேற்றர், ஸ்ராட்டர், ஹோர்ண் என ஒவ்வொன்றுக்கும் இதே கதிதான். மூன்றாம் கட்டப் பால்கனில், இயந்திரம் நிமிடத்துக்கு 6150 சுற்றுகளை எட்டியதும் தீப்பொறியைத் துண்டிக்கும் சிறு மின்கருவி ஒன்று இருந்தது. வேகத்துக்குத் தடையென்று அதைக் கழற்றிவிட்டு ஓட்டியவர்கள் பலர். இன்று அதையே தேடுகிறார்கள்.

முத்திரையை மட்டும் பார்த்து ஏமாறுவோரும் உண்டு. கொயிலை எடுத்துக்கொள்வோம். மெல்பேர்ண் கிளேற்றனில் 1954 முதல் இயங்கிவரும் பொஷ் கம்பனியின் ஜீ.ரி.40 கொயில் இந்நாட்டுப் பழைய கார்களில் பெயர்பெற்றது. இதிலே இரு வகை உண்டு. ஒன்று 12 வோல்ற் மின்சாரத்தை நேரே தாங்குவது; மற்றையது, பெயரின் இறுதியில் ‘ஆர்’ எழுத்துள்ளது, மின்தடை ஒன்றின் வழியாகவே மின்சாரம் பெற வேண்டியது. அத்தடை ஓடும்போது வோல்ற்றளவைக் குறைக்கும். ஸ்ராட் செய்யும் கணத்தில் மட்டும் விலக்கப்பட்டு முழு மின்சாரமும் கொயிலுக்குச் செல்லும். தடையில்லாத காரில் ‘ஆர்’ வகையைப் பூட்டினால் கொயில் கொதிக்கும், பொயின்றும் கருகும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. மீற்றர் வைத்து அளந்தால் முதல்வகை ஏறத்தாழ 3 ஓம், இரண்டாவது அதில் ஏறத்தாழ அரைவாசி காட்டும்.

நம் ஊரில் ஒஸ்ரின் பழகிய கைகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்தப் பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். பால்கனிலும் மொனாரோவிலும் எதிர்முனை. பழைய பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் ஒல்ரனேற்றரின் டயோட்டுகள் கண்ணிமைக்குமுன் எரிந்துவிடும்.

விக்ரோரியாவில் நவம்பர் மாதத்துப் பெண்டிகோ சந்தையும் பெப்ரவரி மாதத்துப் பலறாற் சந்தையும் இத்தேடலின் தலங்கள். தரையில் விரித்த தார்ப்பாயிலே துருப்பிடித்த டைனமோக்கள் குவிந்து கிடக்கும். விற்பனையாகாமல் பெட்டியிலேயே ஐம்பது வருடம் கிடந்த சரக்குக்குத்தான் அதிக விலை. ஆனால் பெட்டி புதிதென்பதால் உள்ளிருப்பது நல்லதென்று கொள்ள முடியாது. கொண்டென்சர் உபயோகிக்காமலே கெடும். றப்பர் உறை நொறுங்கும். என் கருத்தில், முத்திரையுள்ள பழைய கூட்டை வாங்கி, உள்ளே ஆர்மேச்சரைப் புதிதாகச் சுற்றி, பேரிங்கும் பிறஷ்ஷும் மாற்றுவதே மேல். கூடு அக்காலத்தது; வேலை இக்காலத்தது. எவரையும் ஏமாற்றவில்லை. புதிய பிரதியில் பழைய மாதத்தைப் பொறித்து விற்பது வேறு விடயம். அது காரைத் திருத்துவதல்ல, கள்ளப் பத்திரம் எழுதுவது. பத்து லட்சம் டொலர் புழங்கும் சந்தையில் இதற்கு ஆட்கள் இல்லாமலில்லை.

வயரிங்கில் மட்டும் பழமைப் பிடிவாதம் வேண்டாம். காய்ந்து வெடித்த உறையுள்ள வயர் காரையே கொளுத்திவிடும். அதே நிறத்தில் புதிய வயர் போடுவதை நடுவர்களும் ஏற்பார்கள். லூக்காஸ் முறையில் கபிலம் பற்றரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிஷன் வழியாக வருவது, பச்சை அதன்பின் பியூஸ் தாண்டி வருவது, கறுப்பு உடலோடு சேர்வது. இதை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய நம்மவர் பலர் இன்று களஞ்சியங்களில் பெட்டி தூக்குகிறார்கள். நியூ சவுத் வேல்ஸில் பிறர் வாகனத்தைக் கூலிக்குத் திருத்துவோர் அதற்கான தொழிற்சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும்; மோட்டார் மின்வேலைக்குத் தனிப் பிரிவே உண்டு. இங்கே ஆர்மேச்சர் சுற்றும் முதியவர்கள் ஓய்வுபெற்று வருகிறார்கள். சான்றிதழுக்கு விண்ணப்பிப்போர் தமது விசாவில் வேலை செய்யும் உரிமை உண்டா என்பதை முதலில் பார்த்துக்கொள்வது அவசியம்.

பெண்டிகோவுக்குப் போவோர் மீற்றர் ஒன்றை மறவாமல் எடுத்துச் செல்லவும். நல்ல சாமான்கள் விடியுமுன்பே கைமாறிவிடுவதால் ரோர்ச்லைற்றும் வேண்டும். அதற்கான பற்றரிக்கு இங்கே தடையில்லை.